கொலுப்படிக்குக் கீழே சப்வூஃபர்

எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியார் பொம்மை தானாகத் திரும்பியதை முதலில் பார்த்தவர் கீழ்வீட்டு மாமி. சுண்டல் தொன்னையோடு நின்றிருந்தவர், வாயில் போட்ட கடலையை மெல்லாமல் அப்படியே நின்றுவிட்டார்.

"செட்டியார் இப்போ திரும்பினார்," என்றார்.

"யார் பக்கம் மாமி?" என்று கேட்டேன்.

"விளையாடாதீங்கோ. இத்தனை நாழி செட்டிச்சியைப் பாத்துண்டு நின்னவர், இப்போ என்னைப் பாக்கறார்."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் அந்தத் தொந்திக்காரர், கட்டிய மனைவியை விட்டுவிட்டு, சோபா ஓரம் நின்ற மாமியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாமிக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. எனக்கும் ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம்தான் காரணம் புரிந்தது. புரிந்ததும் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான்? மாமியிடம் சொல்லியிருப்பான். நான் வேட்டி மடிப்பில் இருந்த ரிமோட்டை எடுத்து, மாமிக்குத் தெரியாமல் நாகஸ்வரப் பாட்டின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். தவில் 'தொம்' என்று விழுந்தது. செட்டியார் இன்னும் ஒரு நூல் திரும்பினார். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காரணம் படிகளுக்கு அடியில், வெள்ளை வேட்டியின் மறைவில் உட்கார்ந்திருந்தது. சப்வூஃபர். பெட்டிக்குள் ஒரு பெரிய ஒலிபெருக்கி. அடித்தொண்டைச் சத்தங்களை மட்டும் உறுமும்.

அதை எனக்குக் கொடுத்தவன் என் திருவல்லிக்கேணி நண்பன். பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கே, ஒரே சுவரை ஏழெட்டுக் குடும்பங்கள் பங்குபோட்டுக்கொண்ட வீட்டில். பக்கத்து போர்ஷன்காரர் கோபத்தில் சுவரை இடித்தால், தன் பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்று எடுத்துக்கொள்கிற மனசு அவனுக்கு. ஒருநாள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மந்தைவெளிக்கே வந்துவிட்டான்.

"மச்சி, இத்த நீயே வெச்சிக்க. இது எங்கூட்ல இருந்தா ஒண்ணு நா காலி பண்ணணும், இல்ல செவுரு காலி ஆவும்."

"எங்க வீட்டுச் சுவர் மட்டும் என்ன இரும்பா?"

"உங்குது அபார்ட்மெண்டு நைனா, தாங்கும். ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. கம்ப்யூட்டர் பக்கத்துல மட்டும் வெச்சிராத. உள்ள காந்தம் கீது, தோ இம்மாம் பெருசு. டிஸ்க்ல கீறத எல்லாம் தொடச்சி எடுத்துரும்."

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் லேசுப்பட்ட வஸ்து அல்ல. அதற்குள் தவளைகள் இருந்தன. என் மனைவி நாற்பதைத் தாண்டியபின் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டவள். பொருள், நகரத்துத் தவளைகளின் குரல். ஊரில் எல்லோரும் மழை வந்தால் பால்கனித் துணியை எடுப்பார்கள். அவள் மைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். அடையாற்றின் முகத்துவாரம், கால்வாய் ஓரம், கோயில் குளத்தங்கரை என்று பல மழைக்காலங்கள் நனைந்து நனைந்து சேர்த்த ஒலிப்பதிவுகள். தீபாவளி கழிந்ததும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்.

அதில் அவளுக்கு உயிர் போன்றது ஒரு பதிவு. எங்கள் வீட்டுக்கு எதிரே வழக்கில் கிடந்த காலி மனை ஒன்று உண்டு. மழை பெய்தால் குளமாகிவிடும். நடுத்தெருவில் பஸ்ஸும் ஆட்டோவும் போய்க்கொண்டிருக்க, தவளைகள் தங்கள் சுருதியைத் தெரு இரைச்சலுக்கு மேலே ஏற்றிக் கத்துகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியின் முடிவு. அதற்குச் சாட்சி அந்த மனைதான். போன வருஷ அடைமழையில் பால்கனியிலிருந்தும் மனைக்குள் இறங்கியும் நாள் தவறாமல் பதிவுசெய்தாள். இந்த வருஷம் வழக்கு தீர்ந்து, மண்ணைத் தோண்டி, கான்கிரீட் போட்டுவிட்டார்கள். தவளைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. அவற்றின் குரல் மட்டும் எங்கள் கூடத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது.

ஆகவே நண்பன் சொன்ன காந்த சமாசாரத்தை நான் மிகுந்த பொறுப்போடு எடுத்துக்கொண்டேன். நவராத்திரி வந்தது. எங்கள் கூடத்தில் கொலு வைக்க இருப்பது ஒரே மூலை. அது கம்ப்யூட்டர் மேஜையின் மூலை. மேஜையைப் படுக்கையறைக்குத் தள்ளினோம். திரையும் கீபோர்டும் நீள ஒயர்களோடு சாப்பாட்டு மேஜைக்குப் போயின. கம்ப்யூட்டர் பெட்டியை எங்கே வைப்பது? ஸ்டீல் கொலு ஸ்டாண்டின் அடியில், குறுக்குச் சட்டத்தின் மேல் ஒரு நீளப் பலகை போட்டு, அதன் இடது கோடியில் ஏற்றினேன். தரையில் வைத்தால் துடைக்கிறபோது தண்ணீர் பட்டுவிடுமே, அந்த ஜாக்கிரதை.

சப்வூஃபருக்கு அதே பலகையின் வலது கோடி. அங்கேதான் என் விஞ்ஞான புத்தி வேலை செய்தது. ஊக்கு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சப்வூஃபரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகி வந்தேன். கிட்டத்தில் ஊக்கு அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. ஒரு முழம் தாண்டியதும் பேசாமல் தொங்கியது. கம்ப்யூட்டர் பக்கம் போனபோது அது செத்த ஊக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். படுத்தும் பார்த்தேன். மனைவி சமையலறையிலிருந்து வந்து, கொலுப்படிக்கு அடியில் கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, "எந்தப் படிலே வெக்கணும் உங்களை?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூலையில் வைத்த சப்வூஃபரின் உறுமல் இரண்டு பங்காகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

செட்டியார் திரும்பிய சேதி மறுநாள் மாடி ஏறியது, அதற்கடுத்த நாள் தெரு தாண்டியது. வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்கள் பாட்டுப் பாடாமல் செட்டியாரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "இன்னும் அசையலையே," என்று யாராவது அலுத்துக்கொண்டால் நான் வேட்டி மடிப்பைத் தடவுவேன். நாகஸ்வரத்துக்கு ஒன்றும் அசையாது. தவில்தான் பொம்மைகளின் காலை வாரும். தசாவதார செட்டில் வாமனர் பரசுராமரை இடித்துக்கொண்டு நின்றார். மரப்பாச்சிகள் தோளோடு தோள் சாய்ந்தன. கிரிக்கெட் செட்டில் விக்கெட் கீப்பர் மைதானத்தை விட்டே வெளியேறினார்.

சாப்பாட்டு மேஜையிலிருந்து மாலைதோறும் ஒரு குரல் வரும்.

"திரும்பவும் நின்னுடுத்து."

"என்ன நின்னுது?"

"கம்ப்யூட்டர். ஒரு ஃபைலைத் திறக்கறதுக்குள்ள உறைஞ்சு போறது. கார்த்தால நன்னாத்தான் இருந்தது."

"சாயங்காலம் வோல்டேஜ் கம்மி. எல்லார் ஆத்துலயும் சீரியல் பல்பு எரியறதோல்லியோ," என்பேன். இன்னொரு நாள், "வைரஸா இருக்கும்." மற்றொரு நாள், "நவராத்திரிக்கு அதுக்கும் லீவு வேணுமோ என்னமோ."

படிக்கு மேலே இருந்த மண்பொம்மையெல்லாம் நடக்கிறது. படிக்குக் கீழே அதே சட்டத்தில் ஒரு யந்திரம் உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க என்னிடம் இருந்த மூளை போதவில்லை. என் பயமெல்லாம் காந்தத்தின் மேல்; அதை ஊக்கு வைத்து ஜெயித்தாகிவிட்டது.

எட்டாம் நாள் மாலை கூடம் கொள்ளாத கூட்டம். மயிலாப்பூரிலிருந்தும் ஆழ்வார்பேட்டையிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கீழ்வீட்டு மாமி செட்டியாரின் முகவர் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனேன். தவில் தனியாவர்த்தனம். செட்டியார் திரும்பினார், நகர்ந்தார், படியின் விளிம்புவரை நடந்து வந்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, தலைகுப்புற விழுந்தார். மாமி மடியை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

பயந்துபோய் நான் பாட்டை நிறுத்தினேன். கூடம் நிசப்தமானது. அந்த நிசப்தத்தில் கொலுப்படி வேட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். டக்.

"பல்லியா?" என்றார் யாரோ.

சாப்பாட்டு மேஜையில் மனைவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே திரை முழுக்கக் கறுப்பு. அவள் காதுக்குப் பல்லி எது, தவளை எது, டிஸ்க் எது என்று நன்றாகத் தெரியும். 

மறுநாள் சரஸ்வதி பூஜை. காலையில் நான் எழுந்து வந்தபோது அவள் கொலுவுக்குப் பின்பக்கம் வேட்டியை விலக்கி உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் இனி எழுந்திருக்காது என்பதை முன்தினமே பார்த்துவிட்டோம். ஸ்விட்சைப் போட்டால் டக் டக், வேறொன்றும் இல்லை.

"நேத்திக்கு வெச்ச அதே தவிலைப் போடுங்கோ," என்றாள்.

"இப்பவா?"

"போடுங்கோ. அதே சத்தத்துல."

போட்டேன். "இங்க கை வையுங்கோ," என்றாள். கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தேன். வெடுக்கென்று எடுத்துவிட்டேன். ஏதோ ஷாக் அடித்த மாதிரி. மறுபடி வைத்தேன். தவிலின் ஒவ்வொரு அடியும் பலகை வழியாக, சட்டம் வழியாக வந்து என் எலும்பில் விழுந்தது. அவள் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை கோலப்பொடியை எடுத்துப் பெட்டியின் தலையில் தூவினாள். பொடி நின்ற இடத்தில் நிற்காமல் குதித்தது. குதித்துக் குதித்துக் கோடு கோடாகச் சேர்ந்தது. அழகாகக்கூட இருந்தது. 

"காந்தம் இல்லே," என்றாள். "உள்ள தட்டு சுத்திண்டே இருக்கும். அதுக்கு மேல ஒரு முள், தலைமுடி அளவுகூட இடைவெளி இல்லாம மிதந்துண்டு இருக்கும். நீங்க தினம் சாயங்காலம் அதைப் பிடிச்சு உலுக்கியிருக்கேள். அது ஒவ்வொரு நாளும் நின்னு நின்னு சொல்லியிருக்கு. நான்தான் வைரஸ்னு நம்பிண்டு இருந்தேன்."

"வைரஸ்னு சொன்னது நான்," என்றேன். ஹாஸ்யமாக இருக்கும் என்று சொன்னேன். இல்லை.

"பரவாயில்லே, இன்னொரு பிரதி இருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்து படுக்கையறைக்குப் போனாள். மேஜை டிராயரை இழுக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு டிராயர். மறுபடி முதல் டிராயர்.

"இங்க வெச்சிருந்த டிஸ்க்கைப் பாத்தேளா?"

"எப்படி இருக்கும்?"

"கறுப்பா. தட்டையா. சோப்பு டப்பா சைஸ்ல."

 என் கால்கள் தானாகக் கொலுவின் வலது கோடிக்குப் போயின. சப்வூஃபருக்கு அடியில் நாலு ரப்பர் கால்கள் உண்டு. நண்பன் கொடுத்தபோதே ஒன்று காணோம். பெட்டி ஆடியது. ஆட்டம் நிற்க எதையாவது முட்டுக்கொடுக்கலாம் என்று டிராயரைத் துழாவியபோது, கறுப்பாக, தட்டையாக, சோப்பு டப்பா சைஸில் ஒன்று கிடைத்தது. பழைய செல்போன் சார்ஜர் வகையறா என்று நினைத்தேன். அளவெடுத்துச் செய்தது போல் கச்சிதமாக உட்கார்ந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் வந்து பார்த்தாள். நான் குனிந்து, சப்வூஃபரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடியில் அது இருந்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக, திட்டினால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன். அவள் குனிந்து அதை எடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். மேல்மூடியில் சப்வூஃபரின் பாரத்தைத் தாங்கியதில் விழுந்த ஒரு கீறல். அதை விரலால் தடவிப் பார்த்தாள். பூஜைக்காகப் பலகையில் அடுக்கிய புத்தகங்களின்மேல் அதை வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒரு சாமந்தியையும் வைத்தாள்.

"பூஜைக்கு முன்னாடி ஒரு தடவை உன் பழைய லேப்டாப்ல சொருகிப் பாத்துடலாமே," என்றேன்.

"இன்னிக்கு வேண்டாம்."

"இன்னிக்குப் படிக்கப்படாது, எழுதப்படாதுங்கறதெல்லாம் நீ என்னிக்கு நம்பினே?"

"நம்பலே. இன்னிக்குத் தெரிஞ்சுக்க வேண்டாம்."

சர்க்கரைப் பொங்கல் செய்தாள். நல்ல பொங்கல்.  தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் நண்பனுக்குப் போன் செய்தேன். எதிரே முளைத்து நின்ற கம்பிகளைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"காந்தம்தான் ஆபத்துன்னு நீதானேடா சொன்னே?"

"காந்தம்னு சொன்னேன். ஆட்டம்னு சொல்லல, அது என் தப்பு. ஆனா மச்சி, அந்த டிஸ்க்க எடுத்து அது காலுக்குச் செருப்பாப் போடச் சொன்னது யாரு?"

"சரி, அது பொழைக்குமா?"

"நா இன்னா டாக்டரா?" என்றான்.  பிறகு, "அண்ணி இன்னா சொல்றாங்கோ?" என்றான்.

"ஒண்ணும் சொல்லலே."

"அய்ய. ரொம்பக் கஷ்டம் நைனா," என்று போனை வைத்துவிட்டான்.

அன்று முழுக்க அந்த டிஸ்க் பலகையில் சாமந்தியோடு இருந்தது. கூடத்தைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவளும் பார்க்காமல்தான் போனாள். வெற்றிலை பாக்குக்கு வந்த இரண்டு பேர், செட்டியார் ஏன் படுத்திருக்கிறார் என்று கேட்டார்கள். அசதி என்றேன். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

விஜயதசமிக் காலையில் குளித்துவிட்டு வந்து அவள் பலகைமுன் உட்கார்ந்தாள். மேலே இருந்த புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தாள், வழக்கம். பிறகு பூவை எடுத்து வைத்துவிட்டு, சந்தனத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, லேப்டாப்பைத் திறந்து சொருகினாள். ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது. அணைந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி எரிந்து, சிமிட்ட ஆரம்பித்தது. டிஸ்க்கைக் காதருகே கொண்டுபோனவள், உள்ளே சுற்றுகிற சத்தம் ஒரே சீராக இருக்கிறது என்று கையால் சைகை காட்டினாள். திரையில் வரிசையாக மஞ்சள் ஃபோல்டர் உறைகள் வந்தன.

"எப்படி?" என்றேன். எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு ஆள் படுக்கும் தூரம் தள்ளிப் பத்திரமாக வைத்தது செத்துப்போயிற்று. காலடியில் மிதிபட்டது உயிரோடு இருக்கிறது.

"இது சும்மா இருந்தது. கரண்ட் இல்லே, தட்டு சுத்தலே. முள்ளை ஓரமா ஒதுக்கி வெச்சிண்டு தூங்கிண்டு இருந்தது. அந்தக் காந்தத்துக்கு இதை அழிக்கற பலம் கிடையாது. ஓடிண்டு இருக்கறபோது உலுக்கினாத்தான் சேதம்." சொல்லிக்கொண்டே, முதல் காரியமாக எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு நகலெடுக்க விட்டாள். அது முடிகிறவரை ஒருவரும் நகரவில்லை. நான் தும்மல் வந்ததைக்கூட அடக்கிக்கொண்டேன். முடிந்தபிறகுதான் எதிர்மனைப் பதிவைத் தொட்டாள்.

முதலில் மழை. அப்புறம் ஒரு பஸ் போனது. அதன் இரைச்சல் அடங்குவதற்குள் ஒன்று ஆரம்பித்தது, பதில் ஒன்று, பிறகு மனை முழுக்க. நான் அந்த மழைக்காலம் முழுக்க இதே பால்கனியில் டீ குடித்திருக்கிறேன். இத்தனை பேர் அங்கே இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

கதவு திறந்தேதான் கிடந்தது. காலி சுண்டல் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்த கீழ்வீட்டு மாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது எதிர் மனைத் தவளைகளோல்லியோ?"

மனைவி நிமிர்ந்தாள். "எப்படித் தெரியும் மாமி?"

"தெரியாம என்ன? பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி நான் சண்டை பிடிக்காத ஆள் கிடையாது. ஜன்னலைச் சாத்தினாலும் வந்துண்டே இருக்கும்." டப்பாவை என் கையில் திணித்துவிட்டு உள்ளே வந்து, அழைக்காமலே தரையில் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "இதோ இது. இது மாத்திரம் தனி. மழை விட்டப்புறமும் நிறுத்தாது, கடங்காரன். கிணத்துக்குள்ள உக்காந்துண்டு கத்தும்."

"எந்தக் கிணறு?"

"மனையோட பின்மூலைலே இருந்ததே. மேலே பலகையைப் போட்டு மூடியிருந்தா. புதர் மண்டிப் போச்சு, உனக்குத் தெரிஞ்சிருக்காது."

 என் மனைவி ஒலிப்பதிவைப் பின்னால் இழுத்து அந்தக் குரலை மட்டும் மறுபடி ஓடவிட்டாள். மற்றவை தண்ணீர்மேல் கத்தின. இது ஒன்று மட்டும் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல், தாழ்ந்த சுருதியில், அடியில் ஒரு எதிரொலியோடு வந்தது. வருஷம் முழுக்க அதைக் கேட்டிருக்கிறாள். மைக்கில் ஏதோ கோளாறு என்று அந்தக் குரலைக் கணக்கிலிருந்து தள்ளிவைத்திருந்தாள்.

"கிணறு," என்றாள் மெதுவாக. "கிணத்துக்குள்ளேர்ந்து கத்தினா பஸ் சத்தத்தை மீற வேண்டியதே இல்லையே. அதான் இது சுருதியை ஏத்தலை."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது," என்றார் மாமி. "இன்னொரு தடவை போடு."

அவள் போட்டாள். மாமி கண்ணை மூடிக்கொண்டார். மனைவி ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே, தலை நிமிராமல், "மாமிக்குக் காபி கொண்டு வாங்கோ. சத்தம் போடாம," என்றாள். நேற்றுக் காலைக்குப் பிறகு என்னிடம் அவளாகப் பேசிய முதல் வார்த்தை அது. நான் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நுனிக்காலில் சமையலறைக்கு நடந்தேன்.